நார் உருவக் கூடாது

"வேற சோலி ஒண்ணும் இல்லியா மக்ளே ஒனக்கு? ரெண்டு பஸ் மாறி வந்தது இதக் கேக்கதுக்கா?"

வாசலிலேயே நிறுத்தி இப்படித்தான் கேட்டேன். வந்தவள் பெயர் ஷீபா. ஆராய்ச்சிக்கூடத்தில் நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். ஊர் பாறசாலைப் பக்கம். தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாது. கையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் கோலம் போடுவதுபோல் தமிழ் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள்.

"லேப்ல புது மெஷின் வருது அம்மா. நார அதுவே பிடிச்சிக்கிடுமாம். அதனால சுவர்ல எழுதி ஒட்டியிருந்த பழைய சட்டதிட்டமெல்லாம் எடுத்தாச்சு. அதுல ஒண்ணுல எட்டு வரி இங்கிலீஷ், எட்டு வரி மலையாளம், அடியில ஒரே ஒரு வரி தமிழ். பழைய ஆள்கார் அதப் பாத்துச் சிரிக்காங்க. கேட்டா ஒங்ககிட்டப் போகச் சொல்லுகாங்க."

"அறிஞ்சு என்ன செய்யப் போற? பரீட்சையில கேப்பாங்களா? ஊரான் குத்தத்த அறியணும்னா மட்டும் காலு வலிக்காது, இல்லியா?"

அவள் சிரித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். இனி போகமாட்டாள் என்று தெரிந்தது. காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். கோணல்மாணலாக இருந்தாலும் தெரிந்த முகம். "நார் உருவக் கூடாது." அந்தக் கட்டிடத்தில் இதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுதியதும் எனக்காக மட்டும்தான். ஒரே ஒரு ஆளுக்காக அரசாங்கச் சுவரில் சட்டம் எழுதியிருக்கிறது என்றால் அவள் எவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும், நீங்களே யோசியுங்கள்.

என் பெயர் இசக்கியம்மாள். தக்கலைப் பக்கத்தில் பிறந்து, கட்டிக்கொடுத்து, திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற கடைவீதிக்கு வந்தவள். படிப்பு மூன்றாம் வகுப்பு. நாலாம் வகுப்பு என்னைக் கண்டு பயந்துவிட்டது. கம்போளத்து முகப்பில் ஒரு பூக்கடையில் பிச்சிப்பூவும் அரளியும் கட்டினேன். பல வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில், ஆராய்ச்சிக்கூடத்தில் தூத்துப் பெருக்கும் வேலை கிடைத்தது. தினக்கூலிதான்.

அங்கே நார்ப் பிரிவுக்குத் தலைவர் வர்க்கீஸ் சார். ஒருநாள் மேஜைக்கு அடியில் கிடந்த தேங்காய் நார்ச் சிக்கலைக் குப்பை என்று நினைத்து எடுத்தேன். பிறகு மனம் கேட்கவில்லை. நின்றபடியே விரலால் சிக்கெடுத்து, நார் நாராகப் பிரித்து, மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் சார் கூப்பிட்டு, துடைப்பத்தை ஓரமாக வைக்கச் சொல்லி, ஒரு நாற்காலியைக் காட்டினார். துடைப்பமும் நார், இதுவும் நார். எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அவ்வளவுதான், நாரின் கனம் குறைந்தது.

வேலையைக் கேளுங்கள். ஊறவைத்து அடித்த சகிரிக்கட்டிலிருந்து, அதாவது தேங்காய் நார்க் கட்டிலிருந்து, ஒற்றை நாரைப் பிரித்து எடுக்க வேண்டும். லென்சுக்கு அடியில் பிடித்து மூன்று இடத்தில் கனம் பார்க்க வேண்டும். கட்டிக் காகிதத்தில் நடுவே ஜன்னல் வெட்டி வைத்திருப்போம். அந்த ஜன்னலுக்குக் குறுக்கே நாரை நேராகப் படுக்க வைத்து, இரண்டு நுனியிலும் கடுகளவு பசை வைத்து, மேலே ஒரு காகிதத் துண்டை ஒட்ட வேண்டும். ஒருநாள் காயவேண்டும். அதுவரை அது கண்ணாடி ஜாடிக்குள் இருக்கும். ஜாடிக்கு அடியில் நீலநிற மணிகள். ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகிவிடும், அதை வறுத்து மறுபடி நீலமாக்குவதும் என் வேலை. திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் கடலையை வறுத்ததைவிட அந்த மணியை வறுத்ததுதான் அதிகம்.

பிறகு இழுக்கிற மெஷின். காகிதத்தின் மேல்பக்கத்தை ஒரு வாய் கடிக்கும், கீழ்ப்பக்கத்தை ஒரு வாய் கடிக்கும். அதன்பின் ஜன்னலின் இரண்டு சட்டத்தையும் கத்தரியால் நறுக்க வேண்டும். அந்த நேரம் மூச்சு விடக்கூடாது. நறுக்கியதும் இரண்டு வாய்க்கும் நடுவில் நார் மட்டும் தனியாக நிற்கும். மெஷின் மெதுவாக இழுக்கும். பேனா ஒன்று காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும். 'டிக்' என்று ஒரு சத்தம். நார் போயிற்று. எவ்வளவு நீண்டது, எவ்வளவு தாங்கியது என்பது அந்தக் கோட்டில் இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது 'டிக்'.

பிய்ந்துபோவதற்காகவே ஒன்றை இவ்வளவு பத்திரமாகச் செய்வதை அங்கேதான் முதல்முதலாகப் பார்த்தேன். கல்யாணத்தைச் சொல்லவில்லை.

வர்க்கீஸ் சார் லேப்புக்குள் வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். எதையும் தொடமாட்டார். தொட்டால் தன் கையின் ஈரமும் கணக்கில் ஏறிவிடும் என்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்பு என்ற வார்த்தையும் அவர் வாயில் வராது. யார் எதைக் காட்டினாலும், சரியாக இருந்தாலும் கோளாறாக இருந்தாலும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஒன்னூடெ நோக்காம்" என்பார். இன்னொரு தடவை பார்ப்போம் என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்கு நாங்கள் வசவைவிட அதிகம் பயந்தோம். வசவு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். இன்னொரு தடவை என்றால் ஒரு வாரம்.

நான் ஒருநாள் கேட்டேன், "சார், தேங்கா நாரு இப்பிடி நீளுது. வாழ நாரு நீளவே மாட்டேங்குது. ரெண்டும் மரத்துலேந்து வந்த நாருதானே?"

அதற்கு அவர் அரைமணி நேரம் நின்று பதில் சொன்னார். தூத்துப் பெருக்குகிறவள் கேட்டதற்கு அரைமணி நேரம். நார் என்று நாம் பிடிப்பது ஒரு நார் இல்லையாம். அதற்குள்ளே குழல் குழலாக இருக்குமாம். ஒவ்வொரு குழலின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத குட்டி இழைகள் சுற்றிச் சுற்றிப் போகுமாம். மைக்ரோஃபைப்ரில் என்பார். என் நாக்கு அதற்கு வளையவில்லை, குட்டி இழை என்றே வைத்துக்கொண்டேன்.

"இசக்கி, உல்சவத்துக்குக் கம்பத்துல துணி சுத்துவாங்க இல்லே? அத நல்லாச் சரிச்சுச் சுத்தினா தேங்கா நாரு. கம்பத்தோட ஒட்டி, கிட்டத்தட்ட நேரா ஏத்தினா வாழ நாரு. இழுக்கும்போ சரிஞ்ச சுத்து நிமிரும், அதனால நீளும். நேரா நிக்கறது எங்க நிமிர?"

தலைமுடியிலும் இது உண்டாம், பட்டிலும் உண்டாம், நைலானிலும் ஒரு மாதிரி உண்டாம். அன்றைக்கே என் தலையில் ஒரு முடி கேட்டு வாங்கி மெஷினில் மாட்டினார். வெள்ளை முடியா கறுப்பு முடியா என்று கேட்டேன். எது குறைவோ அதை வைத்துக்கொள், மற்றதைக் கொடு என்றார். சிரிக்காமல் சொல்வார். வெள்ளை முடியைக் கொடுத்தேன்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். ஷீபா அதற்குத்தானே பஸ் ஏறி வந்தாள்.

ஷைலஜா என்று ஒரு பெண் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆற்றிங்கல்காரி. தேங்காய் நார் ஏன் நீளுகிறது என்பதுதான் அவள் படிப்பு. நார்களைப் பாதி அவள் ஒட்டுவாள், பாதி நான் ஒட்டுவேன். எனக்கு ஒட்டச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். இடுக்கியால் பிடி, கை படாதே, இழுக்காதே, சுருண்டிருந்தால் அதன் போக்கில் விட்டுப் படுக்க வை.

அவள் சொன்னது சரி. ஆனால் தேங்காய் நார் அப்படியே படுக்காது. ஒரு நுனியில் பசை வைத்தால் மறு நுனி எழுந்து நிற்கும். அதை அழுத்தினால் இது எழும்பும். ஒரு நாருக்குக் கால்மணி நேரம். பூக்கடையில் இருந்தவளுக்கு இதற்கு மருந்து தெரியாதா? நாங்கள் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே இழுப்பாக உருவுவோம். கோணல் போய்ச் சொன்னபடி கேட்கும். அதையே இங்கே செய்தேன். தேங்காய் நார் கொஞ்சம் முரடு என்பதால் ஒரு படி மேலே போய், மற்றவர்கள் வருமுன் காலையிலேயே உருவிய நாரை லேப் ஜன்னல் கம்பியில் கட்டி, நுனியில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டுக் காயவைத்தேன். காய்ந்ததும் குச்சிபோல் நேராக நிற்கும். உச்சிக்குள் நாற்பதும் ஒட்டி முடித்துவிட்டு, சாப்பிட்டு, ஜாடிக்குப் பக்கத்தில் கண் அசருவேன். நனைத்ததுதான் ஜாடிக்குள் காய்ந்துவிடுகிறதே, அப்புறம் என்ன என்பது என் சாஸ்திரம். சொன்னால் வேண்டாம் என்பார்கள், அதனால் சொல்லவில்லை. நட்டுகளைச் சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. ஷைலஜா எல்லாக் கணக்கையும் சேர்த்துப் படம் வரைந்தபோது ஒரு மலை வரவேண்டிய இடத்தில் இரண்டு மலை வந்தது. ஒரு கூட்டம் நார் நன்றாக நீண்டு, பிறகு முறிந்திருக்கிறது. இன்னொரு கூட்டம் விறைத்து நின்று, அதில் பாதிகூட நீளாமல் முறிந்திருக்கிறது. ஒரே கட்டு, ஒரே தென்னை, இரண்டு குணம்.

அவளைப் பரிசோதிக்க வெளியிலிருந்து ஒரு கமிட்டி வந்தது. அதில் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, இது தென்னை மரத்தில் விளைந்த நாரா, பேனாவில் விளைந்த நாரா என்று கேட்டாராம். கள்ளக்கணக்கு எழுதினாள் என்பதை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த கமிட்டிக்குள் காரணம் காட்டாவிட்டால் மூன்று வருஷத்துப் படிப்பும் தள்ளிப்போகும். பட்டத்தோடு மட்டும் போகாது, பெயரும் போகும்.

வர்க்கீஸ் சார் முறிந்த நார்களைப் போட்டுவைத்த பழைய உறைகளை எல்லாம் எடுத்து, யார் ஒட்டியது என்று பிரித்துப் பார்த்தார். நீளாத மலை முழுக்க என்னுடையது.

அவர் என்னைத் திட்டவில்லை. "இசக்கி, ஒன்னூடெ நோக்காம். என் முன்னால பத்து நார் ஒட்டு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஷைலஜா சொல்லிக்கொடுத்தபடி இடுக்கியால் எடுத்து, கை படாமல், இழுக்காமல், மெல்ல மெல்லப் பத்து நார் ஒட்டினேன். மேலதிகாரி பார்க்கும்போது எல்லாரும் நல்லபிள்ளைதான். அந்த மாதம் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிற லிஸ்டில் என் பெயர் இருந்தது. சொன்னபடி செய்யாதவள் என்று தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். என் கவலை அது மட்டும்தான். நான் உருவுவதுதான் இரண்டாம் மலை என்று சத்தியமாக அப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் பத்து நாரும் அழகாக நீண்டன. இப்போது ஷைலஜாவின் நிலைமை இன்னும் மோசமாயிற்று. இசக்கி ஒட்டினாலும் நார் நீளத்தான் செய்கிறது. அப்படியென்றால் நீளாத கணக்கு எங்கிருந்து வந்தது?

அடுத்த வாரம் நைலான் வேலை நடந்தது. விழிஞ்ஞத்து வலைக்காரர்களுக்காக ஏதோ ஒரு பரிசோதனை. கம்பெனியிலிருந்து இழுக்காத பச்சை நைலான் இழை வந்திருந்தது. தொட்டால் தொளதொளவென்று இருந்தது. சார் அதை மெஷினில் மாட்டி இழுக்க வைத்தார். நடுவில் ஒரு இடம் மட்டும் திடீரென்று ஒல்லியாகி, அந்த ஒல்லி இரண்டு பக்கமும் பரவிப்போயிற்று. பிறகு அதை நான் கையில் சுற்றி இழுத்துப் பார்த்தேன். கைதான் அறுந்திருக்கும், இழை அறவில்லை.

"இது எப்பிடி சார்?"

"ரேஷன் கடை வாசல்ல ஆளுங்க கும்பலா நிக்கும். போலீஸ் வந்து பிடிச்சு இழுத்தா கியூ ஆகும். உள்ள இருக்கறதெல்லாம் இழுத்த பக்கமா வரிசையா நின்னாச்சு. பின்னே அது நீளாது, தாங்கும். நைலான் எல்லாமே இப்பிடி இழுத்துத்தான் உண்டாக்கறது."

"தேங்கா நார இழுத்தாலும் அப்பிடி ஆகுமா சார்?" வாயில் இருந்து வந்துவிட்டது.

"ஒணங்கிக் காஞ்சத இழுத்தா பெருசா ஒண்ணும் வராது. நனைச்சு இழுத்து, இழுத்தபடியே ஒணக்கினா, சரிஞ்ச சுத்து நிமிர்ந்து அப்பிடியே நின்னுடும். ஆனா அத யாரு செய்யறா?"

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். பிறகு ஜாடி மணியை வறுக்கப் போய்விட்டேன். அன்றைக்கு மணி கருகிப்போகிற அளவுக்கு வறுத்தேன்.

இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் ஷைலஜா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக என் தீயல் குழம்புக்குக் கை நீட்டுகிறவள் அன்று தன் டப்பாவையே திறக்கவில்லை.

"இசக்கியக்கா, ஒரு காரியம் சோதிக்கட்டே?" மலையாளத்தில் சோதிப்பது என்றால் கேட்பது. "நான் கள்ளக்கணக்கு எழுதுவேன்னு அக்காவுக்குத் தோணுதா?"

"ஒனக்கு உப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியாது. கள்ளக்கணக்கு எழுத ஒனக்கு எங்க சாமர்த்தியம்?"

"வீட்டுல அப்பாவே சோதிச்சாரு. நெசம் சொல்லு மோளேன்னு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது கேலி சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் என் சோற்றுப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடியில்தான் நட்டுகள் இருந்தன.

சோற்றை மூடினேன். நட்டுகளை முந்தியில் முடிந்து, ஒரு கிளாஸ் தண்ணீரும் ஒரு பிடி நாரும் எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீரில் நாரை முக்கினேன். நகத்தில் வைத்து ஒரே இழுப்பு. ஜன்னல் கம்பியில் கட்டி நட்டைத் தொங்கவிட்டேன். அது கொஞ்ச நேரம் ஆடி நின்றது. அவர் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு நாரில் முட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தார்.

"எத்ர நாளா?"

"நாற்காலில உக்காந்த நாள்லேந்து சார்."

"என் முன்னால ஒட்டினப்போ?"

"அப்ப செய்யல சார். நீங்க பாத்திட்டில்லா இருந்தீங்க."

கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார். அந்தக் கண்ணாடியில் அவ்வளவு அழுக்கு இருந்திருக்க முடியாது. அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதையேதான் சொன்னார்.

ஒரே கட்டிலிருந்து நாற்பது நார் உருவி நட்டுக் கட்டினேன். நாற்பது நார் உருவாமல் வைத்தேன். இரண்டையும் எக்ஸ்ரே மெஷினுக்குள் வைத்துப் படம் எடுத்தார்கள். நாரை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு தெரியாது, கறுப்பாக வில்போல் ஒன்று தெரியும். உருவாத நாரின் வில் அகன்ற புருவம்போல் இருந்தது. உருவிய நாரின் வில் சுருங்கி, சின்னப் பிறைபோல் இருந்தது. குட்டி இழைகள் எவ்வளவு சரிந்து கிடக்கின்றனவோ வில் அவ்வளவு அகலமாம். என் நகம் அவற்றைக் கியூவில் நிறுத்தியிருக்கிறது. மெஷினில் இழுத்தபோது அதே இரண்டு மலை. இந்தத் தடவை எந்த மலை யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஷைலஜா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா, இத முன்னமே சொல்லக் கூடாதா?" என்றாள். நான் ஒட்டிய நார் மொத்தத்தையும் கணக்கிலிருந்து எடுத்தார்கள். அத்தனையும் அவள் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. கூட உட்கார்ந்து இடுக்கியால் ஒட்டினேன். ஒரு நாருக்குக் கால்மணி நேரம். கண் அசரவில்லை.

நீங்கள் நினைப்பீர்கள், தூத்துப் பெருக்குகிறவள் ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டாள், பத்திரிகையில் படம் வந்திருக்கும் என்று. நானும் அப்படித்தான் நினைத்து, நல்ல சேலையாகத் தேய்த்து வைத்திருந்தேன். சார்தான் சொன்னார், நைலான் கம்பெனிக்காரர்களுக்கு இது பழைய காரியம், எழுதுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்று. அவர் எழுதியது இரண்டே இரண்டுதான். ஒன்று, நடந்ததை உள்ளபடி ஆபீசுக்கு ஒரு கடிதம். அந்தக் கடிதத்தால் என் பெயர் லிஸ்டிலிருந்து போயிற்று. அடுத்த லிஸ்ட் வர மூன்று வருஷம் ஆயிற்று, அதில் வந்தேன். கடிதம் அனுப்புமுன் என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். ஒரு வரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோபப்பட எனக்கு இடமே வைக்கவில்லை.

இன்னொன்று சுவரில் ஒட்டிய சட்டம். இங்கிலீஷில் எழுதி, மலையாளத்தில் எழுதி, கடைசியில் எனக்காகக் கம்போளத்தில் ஒரு தமிழ்க் கடைக்காரரிடம் கேட்டு, அந்த ஒரு வரியைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். எழுத்து கொஞ்சம் கோணல். இதற்காகவா சார் அவ்வளவு தூரம் போனீர்கள் என்றேன். "இசக்கி வாசிக்கணுமே," என்றார்.

கமிட்டி மறுபடி வந்தது. ஆறு பேர். என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு கிளாஸ் தண்ணீர், நார், ஒரு நட்டு. செய்து காட்டு என்றார்கள். காட்டினேன். பேனாவில் விளைந்த நாரா என்று கேட்டவர் கிட்டே வந்து என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

"சாலைக் கம்போளத்துக்குப் போங்க சார். பூக்கட்டுகிறவ அம்புட்டு பேரும் இதே தப்பத்தான் செய்யுகாங்க."

அவர் ஷைலஜாவிடம் திரும்பி, முன்பு கேட்டதற்கு வருத்தப்படுவதாகச் சொன்னார். எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் தலையாட்டினாள். வெளியே வந்ததும் என் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, நின்றபடியே தீயலை வழித்துச் சாப்பிட்டாள்.

அன்றைக்கு நேரமாகிவிட்டதால் ஆபீஸ் ஜீப்பில் என்னை வீட்டில் விட்டார்கள். எங்கள் லைன் வீட்டு வாசலில் ஜீப் நின்றால் யாராவது இறந்திருக்க வேண்டும், அல்லது யாரையாவது பிடித்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரத்தினம் மடியில் பிச்சிப்பூவோடு எழுந்து நின்றுவிட்டாள். அவளும் பூக்கட்டுகிறவள். பின்னால் இன்னும் நாலு பேர்.

"என்னக்கா, சீப்புல கொண்டாந்து விடுகாங்க? சோலி போச்சா?"

"போகல. ஆறு ஆபீசர்மாரு வட்டமா நின்னு நான் நாரு உருவுறதப் பாத்தாங்க."

"என்னத்துக்கு?"

"இனிமே உருவாதேன்னு சொல்லதுக்கு."

ரத்தினம் யோசித்தாள். அவள் விரலிடுக்கில் நனைத்த வாழைநார் ஒன்று பாதி உருவியபடி நின்றது.

"அப்ப நானும் உருவக் கூடாதாக்கா?"

"நீ நல்லா உருவு. ஒன் நாரு நீளலன்னு எந்தப் பிள்ளையையும் யாரும் கள்ளின்னு சொல்லப் போறதில்ல."